பெயர்ப்பலகையில் இல்லை வரலாறு

வெளிநாடு போய்வந்தவர்கள் நாலு பேர் கூடிப் பேசினால் ஊர்ப்பெயர்ச் சண்டை எப்படியும் வந்துவிடுகிறது. "நாங்க போனப்ப அது லெனின்கிராட்" என்பார் ஒருவர். "சைகோன்னு சொன்னாத்தான் அந்த ஊர் கண்ணுக்குள்ள வருது" என்பார் இன்னொருவர். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர் ஒருவர் இருந்தால், "எங்க தாத்தா கடைசி வரைக்கும் ரங்கூன்னுதான் சொன்னார், யாங்கூன்கிற ஊரே எனக்குத் தெரியாது" என்பார். பேச்சு முற்றும்போது யாராவது ஒருவர் முடிவாகச் சொல்வார்: "பேரை மாத்தினா வரலாறு அழிஞ்சு போயிடும். நல்லதோ கெட்டதோ, இருந்ததை இருந்தபடி விடணும்." எல்லாரும் தலையாட்டுவார்கள். கட்சி, மதம், வயது வேறுபாடில்லாமல் ஒப்புக்கொள்ளப்படும் கருத்து இது. படித்தவர்களிடம்தான் இது அதிகம் புழங்குகிறது. இந்தக் கருத்து தவறு என்பது என் உறுதியான எண்ணம். பெயர் மாறிய ஊர்களை நேரில் பார்த்த பிறகு அந்த எண்ணம் வலுத்திருக்கிறது.

சைகோனையே எடுத்துக்கொள்வோம். தமிழருக்கு அது அந்நிய ஊர் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் அதைப் பிடித்த பிறகு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவி நடத்தினார்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், வியட்நாமியர்கள் ஊதுபத்திக் கட்டோடு வந்து கும்பிடும் மாரியம்மன் கோயிலும் இன்றைக்கும் நகரத்தின் நடுவில்தான் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் இருக்கும் தெருவுக்கு ட்ரூங் டின் என்று பெயர். பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடி 1864இல் உயிர் விட்டவர் அவர். பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் குடியேறிய தமிழரின் கோயில், அந்த ஆட்சியை எதிர்த்தவரின் பெயரைத் தாங்கிய தெருவில் நிற்கிறது. தெருவுக்கு அவர் பெயர் வந்ததால் கோயிலின் கதையில் ஒரு வரிகூடக் குறையவில்லை. புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

அந்த ஊரின் மத்திய தபால் நிலையத்துக்குள் போய் நின்றால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1886இல் தொடங்கி 1891இல் கட்டி முடித்த கட்டடம். வளைந்து உயர்ந்த கூரை, பழைய மரத் தொலைபேசி அறைகள், அஞ்சலட்டை எழுதிக்கொண்டிருக்கும் பயணிகள். வாசலைக் கடந்ததும் இரண்டு பக்கச் சுவரிலும் பெரிய வரைபடங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று 1892ஆம் ஆண்டின் சைகோனும் சுற்றுப்புறமும். மற்றது 1936ஆம் ஆண்டில் தென் வியட்நாமிலும் கம்போடியாவிலும் தந்திக்கம்பி போன வழிகள். தலைப்புகள் பிரெஞ்சு மொழியிலேயே இருக்கின்றன. கூடத்தின் மறுகோடியில், உள்ளே வருகிற யார் கண்ணிலும் படும்படி, ஹோ சி மின்னின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. 1975 ஏப்ரல் 30ஆம் தேதி அந்த ஊரைக் கைப்பற்றியவர்கள், 1976 ஜூலை 2ஆம் தேதி அதற்கு அவர் பெயரை வைத்தவர்கள், இரண்டு வாளிச் சுண்ணாம்பில் அந்த வரைபடங்களை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஊரின் பெயர் மாறிவிட்டது, பழைய பெயர் சுவரில் அப்படியே இருக்கிறது, இரண்டையும் பார்த்துக்கொண்டே மக்கள் தபால்தலை வாங்குகிறார்கள்.

"சைகோன்தான் வரலாறு" என்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்த ஆண்டின் வரலாறு? கெமர் மக்கள் அந்த இடத்தை ப்ரே நொகோர் என்று அழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் முடிவில் வியட்நாமிய ஆட்சி அங்கே வந்தபோது நிர்வாகப் பெயர் ஸா டின் ஆனது. அதன் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைத் தங்கள் காலனியின் தலைநகர்ப் பெயராக ஆக்கினார்கள். அந்த ஊரின் பெயர் வரிசையில் நமக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்தவற்றை மறந்து, பின்னால் வந்ததைப் போலி என்று தள்ளுகிறோம்.

அங்கே ஆற்றங்கரை வரை போகும் பெரிய கடைத்தெரு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் காலத்தில் காத்தினா தெரு. வியட்நாம் கரையைத் தாக்க வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பெயர் அது. கிரகாம் கிரீனின் 'அமைதியான அமெரிக்கன்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தத் தெரு நன்றாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு தென் வியட்நாம் அரசு அதைச் சுதந்திரத் தெரு ஆக்கியது. 1975க்குப் பிறகு வந்த அரசு, கிராமத்து எழுச்சி ஒன்றின் நினைவாக டோங் கோய் ஆக்கியது. தன் மண்ணைத் தாக்கிய கப்பலின் பெயரைத் தன் முக்கியத் தெருவுக்கு ஒரு நாடு என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரலாறு போய்விடும் என்று அந்த ஊர்க்காரரிடம் நேரில் சொல்ல யாருக்கு வாய் வரும்? பழைய பெயர் கிரீனின் நாவலில் பத்திரமாக இருக்கிறது. அந்த நாவலை வியட்நாமிலேயே விற்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயரையும் அடித்துத் தள்ளினார்களா என்றால் அதுவும் இல்லை. பாஸ்டர், கால்மெட், யெர்சின் என்ற பிரெஞ்சு மருத்துவ அறிஞர்களின் பெயரில் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வியட்நாமிய மொழியை லத்தீன் எழுத்தில் எழுதும் முறைக்கு 1651இல் அகராதி அச்சிட்டுக் கொடுத்த பாதிரியார் அலெக்சாந்தர் த ரோத் பெயரிலும் தெரு இருக்கிறது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லத் தேவையில்லை என்று அந்த மக்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சைகோன் என்ற பெயரும் எங்கும் போய்விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பெயர்தான். ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். விமான டிக்கெட்டில் இன்னும் எஸ்ஜிஎன் என்றுதான் அச்சாகிறது. ஊர்க்காரர்கள் பேச்சில் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சைகோன்தான் வருகிறது. 2025 ஜூலையில் நகர எல்லைகளை மாற்றி அமைத்தபோது நடுநகரத்தின் ஒரு பகுதிக்குச் சைகோன் வட்டம் என்று அரசே பெயர் சூட்டியது. அரை நூற்றாண்டு அரசாங்க உத்தரவால் அழியாத பெயருக்காக நாம் இங்கே உட்கார்ந்து துக்கம் காக்கிறோம்.

நாம் காக்கும் துக்கம் உண்மையில் எதைப் பற்றியது? பயணியின் நினைவைப் பற்றியது. ஒருவர் முப்பது வயதில் ஓர் ஊரைப் பார்க்கிறார். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையில் அந்தப் பெயர். ஆல்பத்தில் ஒட்டிய படத்துக்குக் கீழே அந்தப் பெயர். பிறகு அது மாறினால் தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டதுபோல அவருக்குத் தோன்றுகிறது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அந்த நினைவுகளைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனால் சில நாட்கள் ஹோட்டலில் தங்கிய நம் நினைவையும், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களின் வரலாற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. நம் இளமையை அந்த ஊர்க்காரர்கள் பெயர்ப்பலகையில் எழுதிப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

பெயர் இருந்தால் வரலாறு இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மிகப் பெரிய மறுப்பு லெனின்கிராட். பீட்டர் பேரரசர் 1703இல் நிறுவிய பீட்டர்ஸ்பர்க், ஜெர்மனியோடு போர் மூண்ட 1914இல், பெயர் ஜெர்மன் மொழிபோல ஒலிக்கிறது என்று பெட்ரோகிராட் ஆனது. லெனின் இறந்த சில நாட்களில், 1924 ஜனவரியில், லெனின்கிராட் ஆனது. 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை 872 நாட்கள் ஜெர்மன் படை அந்த ஊரை முற்றுகையிட்டது. பட்டினியாலும் குளிராலும் பல லட்சம் பேர் மாண்டார்கள். பிஸ்கார்யோவ் நினைவிடத்துக்குப் போனவர்களுக்கு அந்தப் புல்மேடுகள் மறக்காது. மேட்டுக்கு மேடு ஒரு கல். கல்லில் ஆள் பெயர் இல்லை. 1942 என்று ஆண்டு மட்டும் இருக்கிறது, பொதுமக்கள் என்றால் அரிவாள் சுத்தியல், போர்வீரர்கள் என்றால் நட்சத்திரம். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

முற்றுகை முடிந்ததும் ஊர்மக்கள் தங்கள் துயரத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்தார்கள். 1944இல் கண்காட்சியாகத் தொடங்கி 1946இல் லெனின்கிராட் பாதுகாப்பு அருங்காட்சியகம் ஆனது. 1949இல் அதை மூடினார்கள். ஸ்டாலினின் அரசு அந்த ஊர்த் தலைவர்கள்மீது சதி வழக்குப் போட்ட ஆண்டு அது. முற்றுகைக் காலத்தில் ஊரை நடத்திய குஸ்நெத்சோவும் போப்கோவும் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அருங்காட்சியகத்தின் இயக்குநர் லேவ் ரகோவ் கைதானார். 1953இல் அருங்காட்சியகமே கலைக்கப்பட்டது. சேர்த்துவைத்த பொருட்களில் பெரும்பகுதி அழிந்தும் சிதறியும் போயின. அந்த ஆண்டுகள் முழுவதும் ஊரின் பெயர் லெனின்கிராட்தான். பலகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. லெனின்கிராட் என்ற பெயருக்குக் கீழேயே லெனின்கிராட்டின் வரலாறு அழிக்கப்பட்டது. அருங்காட்சியகம் மறுபடி திறக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1991 ஜூன் மாதம் ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் பழைய பெயரான பீட்டர்ஸ்பர்க்கைக் கேட்டார்கள். முற்றுகையில் பிழைத்த முதியவர்கள் பலர் எதிர்த்தார்கள், "எங்கள் ஊர் லெனின்கிராட், அதற்காகத்தான் பட்டினி கிடந்தோம்" என்பது அவர்கள் வாதம். பெயர் மாற்றத்துக்கு எதிராக நான் அறிந்த வாதங்களில் நெஞ்சைத் தொடுவது இது ஒன்றுதான். பயணியின் ஏக்கத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் அவர்கள் பயந்தது நடந்ததா? நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் 14ஆம் எண் கட்டடத்துச் சுவரில் நீலப் பட்டையில் வெள்ளை எழுத்து இன்றும் இருக்கிறது. குண்டு வீசும் நேரத்தில் தெருவின் இந்தப் பக்கம்தான் அதிக ஆபத்து என்று முற்றுகைக் காலத்து மக்களை எச்சரித்த வாசகம். அழிந்துபோகாமல் மறுபடி எழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஜனங்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். மாஸ்கோவிலிருந்து வரும் ரயில் நிற்கும் நிலையத்துக்கு எதிரே ஹோட்டல் கூரையின்மேல் 'வீரநகரம் லெனின்கிராட்' என்று பெரிய எழுத்துகள் நிற்கின்றன. மாஸ்கோவில் அந்த ரயில் புறப்படும் நிலையத்துக்குப் பெயர் இன்றும் லெனின்கிராட் நிலையம். ஊரைச் சுற்றியுள்ள மாகாணத்தின் பெயரும் லெனின்கிராட்தான். பீட்டர்ஸ்பர்க் என்று பெயர் திரும்பிய பிறகு அந்த 872 நாட்களைப் பற்றி முன்பைவிட அதிகமாகப் பேச முடிகிறது, எழுத முடிகிறது. சோவியத் காலத்தில் வெளிவராத நாட்குறிப்புகள் பல அச்சேறியது அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனிக்குப் போய்வந்தவர்கள் இந்த விஷயத்தில் ஒரு கணம் யோசிக்க வேண்டும். ஹிட்லர் ஆட்சியில் அந்த நாட்டின் தெருக்களும் சதுக்கங்களும் கணக்கில்லாமல் அவன் பெயருக்கு மாற்றப்பட்டன. பெர்லினில் இன்று தியோடோர் ஹாய்ஸ் சதுக்கம் என்று இருப்பது 1933இலிருந்து அடோல்ஃப் ஹிட்லர் சதுக்கமாக இருந்தது. போர் முடிந்ததும் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். அதனால் ஜெர்மானியர்கள் நாஜி வரலாற்றை மறந்துவிட்டார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். வதைமுகாம்களை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நடைபாதைக் கற்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கல் பதித்து, இங்கே வாழ்ந்தவர் இன்னார், இந்த ஆண்டு பிறந்தார், இந்த ஆண்டு பிடித்துக்கொண்டு போனார்கள், இந்த முகாமில் கொன்றார்கள் என்று பொறித்திருக்கிறார்கள். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய வேலை, 2023க்குள் ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சம் கல்லைத் தாண்டிவிட்டது. குனிந்தால்தான் அதைப் படிக்க முடியும். கொன்றவனின் பெயர் சதுக்கத்திலிருந்து இறங்கிவிட்டது. கொல்லப்பட்டவர்களின் பெயர் வாசலுக்கு வந்துவிட்டது. வரலாறு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நம் ஊரிலும் இதைக் கண்ணால் பார்த்தோம். 1996இல் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனபோது வரலாறு போயிற்று என்று புலம்பியவர்கள் உண்டு. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஐஐடியும் மெட்ராஸ் என்ற பெயரிலேயே தொடர்கின்றன. 2004இலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் மெட்ராஸ் தினம் கொண்டாடி, பழைய தெருக்கள் வழியாக நடந்து, புகைப்படக் கண்காட்சி வைத்து, உரைகள் நிகழ்த்துகிறார்கள். பெயர் மாறுவதற்கு முன்னால் அந்த ஊரின் பழங்கதையில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு அக்கறை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஊர்ப்பெயரைவிட மலைப்பெயரில் இந்தத் தப்பெண்ணம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் நடுவில் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் உலூருப் பாறைக்கு 1873இல் அங்கே போய்ச்சேர்ந்த வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர், தெற்கு ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஹென்றி ஏயர்ஸின் பெயரை வைத்தார். அதைச் சுற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த அனாங்கு மக்களிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் அக்கறை அன்றைய வரைபடத்துக்கு இல்லை. 1985 அக்டோபர் 26ஆம் தேதி நிலம் அவர்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. 1993இல் ஏயர்ஸ் ராக், உலூரு என்று இரண்டு பெயரையும் சேர்த்து அறிவித்தார்கள். 2002இல் உலூரு முன்னுக்கு வந்தது. இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டு நடக்க முடியும் என்று ஒரு நாடு செய்துகாட்டியிருக்கிறது. இருந்தும் "ஏயர்ஸ் ராக் என்பதுதான் வரலாற்றுப் பெயர்" என்று பயணிகள் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். 1873தான் அவர்களுக்கு வரலாறு தொடங்கும் ஆண்டு!

அந்தப் பாறை தங்களுக்குப் புனிதம், ஏற வேண்டாம் என்று அனாங்கு மக்கள் பல ஆண்டுகள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26ஆம் தேதி முதல் ஏறுவதே தடைசெய்யப்பட்டது. தடை வருவதற்கு முந்தைய நாள் வரை பயணிகள் வரிசையில் நின்று ஏறினார்கள். அவர்களுக்கு முன்னால் பல தலைமுறையாக ஏறியவர்களின் காலடியில் தேய்ந்த தடம், வெளிறிய கோடாகப் பாறையின் முதுகில் தெரிகிறது. ஏயர்ஸ் ராக் காலத்தின் வரலாறு வேண்டும் என்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். எந்தப் பெயர்ப்பலகையும் அதை அழிக்கப்போவதில்லை.

அலாஸ்காவில் 6,190 மீட்டர் உயர்ந்து நிற்கும் டெனாலி மலையின் கதை இதைவிட மோசம். 1896இல் தங்கம் தேடிப்போன வில்லியம் டிக்கி என்பவர், அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மெக்கின்லியின் பெயரை அதற்கு வைத்தார். மெக்கின்லி அலாஸ்கா மண்ணை மிதித்ததே இல்லை. 1917இல் அரசு அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. 1975இல் அலாஸ்கா மாநிலம் டெனாலி என்ற பூர்வகுடிப் பெயரைக் கேட்டது. மெக்கின்லியின் சொந்த மாநிலமான ஓஹையோவின் மக்கள் பிரதிநிதிகள் பல பதிற்றாண்டுகள் அதைத் தடுத்தார்கள். 2015இல் ஒபாமா அரசு டெனாலி என்று மாற்றியது. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் மறுபடியும் மெக்கின்லி என்று உத்தரவு போட்டார். டெனாலியே இருக்கட்டும் என்று அலாஸ்கா சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டது. மலையைத் தினமும் பார்க்கிறவர்கள் ஒன்று சொல்கிறார்கள், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவர்கள் "வரலாற்றைக் காப்பாற்றுகிறோம்" என்று வேறொன்று சொல்கிறார்கள்.

பெயர் மாற்றம் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. பெயரை மாற்றி மனிதர்களை மறைத்த கொடுமைகளும் நடந்திருக்கின்றன. துருக்கியில் குர்து, அலெவி மக்கள் வாழ்ந்த டெர்சிம், 1935இல் சட்டம் போட்டுத் துன்ஜெலி ஆக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே படை புகுந்து பல ஆயிரம் பேரைக் கொன்றது. இலங்கையில் தமிழர் வாழ்ந்த மணலாற்றுப் பகுதியிலிருந்து 1984இல் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அதே பத்தாண்டுக்குள் அந்த இடம் வெலிஓயா ஆகி, வேறு மக்கள் குடியேற்றப்பட்டார்கள். இவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா, பெயர் மாற்றம் வரலாற்றை அழிக்கிறது" என்று சொல்கிறவர்கள், நடந்த குற்றத்தைச் சிறிதாக்குகிறார்கள். மணலாற்றில் நடந்த அநியாயம் நிலத்தைப் பறித்தது, மனிதர்களைத் துரத்தியது. பெயர் மாற்றம் அந்தப் பறிப்புக்குப் போட்ட கையெழுத்து. நாளைக்கே பலகையில் மணலாறு என்று எழுதிவிட்டு, துரத்தப்பட்ட குடும்பங்களைத் திரும்ப விடாமல் இருந்தால் யாருக்கு நியாயம் கிடைத்ததாகும்? அந்தக் குடும்பங்களின் கதையை முகாம்களிலும் புலம்பெயர்ந்த வீடுகளிலும் சொல்லிச் சொல்லித்தான் காப்பாற்றி வருகிறார்கள். அரசிதழ் அறிவிப்பால் அதை நிறுத்த முடியவில்லை.

ஆள்கிறவர்களின் ஆசைக்காக நடக்கும் மாற்றங்களும் உண்டு. கஜகஸ்தான் தலைநகரத்துக்கு நேர்ந்தது அப்படித்தான். அக்மோலின்ஸ்க், 1961இல் செலினோகிராட், 1992இல் அக்மோலா, 1998இல் அஸ்தானா. 2019 மார்ச்சில் அதிபர் நூர்சுல்தான் நசர்பாயேவ் பதவி விலகிய மறுநாளே, பின்னால் வந்தவர் தலைநகருக்கு அவர் பெயரை வைக்க முன்மொழிந்தார். ஒரு வாரத்துக்குள் நூர்சுல்தான் என்று மாற்றியாயிற்று. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் பிடித்துப்போனது. 2022இல் மறுபடி அஸ்தானா. அந்த மாற்றத்தை எதிர்த்த கஜகஸ்தான்காரர்கள் "எங்களைக் கேட்டாயா?" என்றுதான் கேட்டார்கள். சரியான கேள்வி அது. பீட்டர்ஸ்பர்க் அந்தக் கேள்விக்கு வாக்குப்பெட்டி வைத்தது, கஜகஸ்தான் தலைநகரம் போலீஸ் வண்டியை அனுப்பியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "எல்லாம் வரலாற்று அழிப்பு" என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். உண்மையாக ஆராய வேண்டியவற்றை ஆராயாமல் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் வசதியாக இருக்கிறது. யார் மாற்றினார்கள், யாரிடம் கேட்டார்கள், யாருடைய பெயர் இறங்கியது, அந்த ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

ஊருக்கு வைக்கும் பெயர் இன்றைய மரியாதை. தலைமேல் யாரைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம் என்பதை அது சொல்லும். அந்த முடிவை எடுக்க அந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு, ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு. வரலாறு இருக்கும் இடங்கள் வேறு. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பாடப்புத்தகம், கல்லறை, நாட்குறிப்பு, பாட்டி சொல்லும் கதை. அங்கேதான் அதை அழிக்கவும் முடியும். அங்கே நிதியை வெட்டும்போதும், கோப்பை எரிக்கும்போதும், பாடத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுக்கும்போதும் எழும் குரல்கள் மிகக் குறைவு. பெயர்ப்பலகையை மாற்றும்போது மட்டும் எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கிறது. கொதிப்பைச் செலவழிக்க வேண்டிய இடம் அது அல்ல.

அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆல்பத்தில் சைகோன் என்றோ லெனின்கிராட் என்றோ தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் நினைவு, யாரும் அதில் கைவைக்க முடியாது. அந்த ஊர் மண்ணில் கால் வைத்ததும், அங்கே இருக்கிறவர்கள் தங்கள் ஊரை, தங்கள் மலையை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள். பெயர் ஏன் மாறியது என்று அவர்களிடமே கேளுங்கள். வரலாறு வேண்டுமென்றால் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போக ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். பீட்டர்ஸ்பர்க்கின் முற்றுகை அருங்காட்சியகம் உப்புச் சந்தில் திறந்திருக்கிறது.